இடதுகாலுக்கு ஓய்வு: பழைய ஆட்டோமேடிக் கார்கள் குறித்துச் சில எண்ணங்கள்

தமிழ் எழுத்தில் கார் பெரும்பாலும் ஒரு குறியீடாகவே வந்துபோயிருக்கிறது. பண்ணை வீட்டு வாசலில் நிற்பது, வரதட்சணைப் பட்டியலில் இடம்பெறுவது, தவணை நின்றதும் பறிமுதலாவது என்று வேறெதையோ சுட்டுவதற்காகவே அது பக்கங்களுக்குள் நுழைகிறது. அதன் அடிவயிற்றில் என்ன இருக்கிறது, ஒரே விலைக்கு வாங்கிய இரு வண்டிகளில் ஒன்று பத்தாண்டு உழைக்க மற்றொன்று ஏன் பத்தே மாதத்தில் உரிமையாளரைக் கடனாளியாக்குகிறது என்பதைப் பற்றி நாம் நிதானமாக யோசிப்பதில்லை. இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். வாழ்நாள் சேமிப்பில் கணிசமான பகுதியை ஒரு பொருளில் போடும் மனிதன், அந்தப் பொருளைப் பற்றி யாரோ சொன்ன நான்கு வாக்கியங்களை நம்பித்தான் அதைச் செய்கிறான் என்றால், அந்த வாக்கியங்களைப் பரிசோதிப்பது எழுத்தின் வேலைதான் என்பது நம் தரப்பு.

நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் குறுகலானது: குறைந்த பணத்தில், அதாவது மூன்று லட்சத்திலிருந்து நான்கு லட்சம் ரூபாய்க்குள், நம்பகமான ஒரு பழைய ஆட்டோமேடிக் காரைத் தேர்ந்துகொள்வது. கிளட்ச் மிதி இல்லாத கார் இன்னமும் நம்மிடையே ஒரு சொகுசாகவே பார்க்கப்படுகிறது. ‘கியர் போடத் தெரியாதவர்கள் ஓட்டுவது’ என்ற ஏளனமும் அதைத் தொடர்ந்து வருகிறது. கார் ஆர்வலர்கள் ‘ஓட்டும் இன்பம்’ என்று ஒன்றைப் பேசுவார்கள். அந்த இன்பத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பேசுகிறவர்களின் இரு கால்களும் நலமாக இருக்கின்றன என்பதை மட்டும் நினைவூட்ட விரும்புகிறோம்.

இந்தியாவில் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் இந்தியா அந்நோயற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்த நோய்க்கு ஆளான குழந்தைகள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் தாண்டிய மனிதர்கள். இடதுகால் மட்டும் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு ஆட்டோமேடிக் கார் பெரிய மாற்றமெதுவும் செய்யாமலே கைக்கு வரும் வாகனம். மூட்டுத் தேய்மானத்தால் படியேறவே தயங்கும் அறுபது வயதுப் பெண்மணிக்கு, அலுவலகம் விட்டு இரண்டு மணிநேர நெரிசலில் முந்நூறு முறை கிளட்ச் மிதிக்க முடியாத முதுகுவலிக்காரருக்கு, இதில் இன்பம் ஒரு பொருட்டல்ல. பிறர் தயவின்றி மருத்துவமனைக்கும் கடைக்கும் உறவினர் வீட்டுக்கும் போய்வர முடியுமா என்பதே கேள்வி. இவர்களில் பெரும்பாலோரிடம் புதிய காருக்கான பணம் இல்லை. ஆகவே அவர்கள் பழைய வண்டிச் சந்தைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். அங்கே ஏமாந்தால் அவர்கள் இழப்பது பணத்தை மட்டுமல்ல.

நம் முன்னோர் மாடு வாங்கிய விதத்தில் ஒரு தெளிவு இருந்தது. மணப்பாறைச் சந்தையிலோ அந்தியூர்ச் சந்தையிலோ தரகர் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால், வாங்குகிறவர் மாட்டின் பல்லைப் பிடித்து வயது பார்த்திருப்பார், சுழி பார்த்திருப்பார், நடக்கவிட்டுப் பார்த்திருப்பார். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. விலைக்கு வாங்கும் மாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இன்று காருக்கு முன்னால் நிற்கும் நம்மிடம் அந்த அறிவு இல்லை. அதன் இடத்தில் சில மந்திரங்கள் உள்ளன. ‘டாக்டர் ஓட்டின வண்டி சார்’, ‘லேடீஸ் மட்டும் யூஸ் பண்ணது’, ‘சிங்கிள் ஓனர், முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு.’ இவற்றில் எதுவும் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையாகவே இருந்தாலும் அவை கியர்பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பதுதான் விஷயம்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று பழைய கார்ச் சந்தையையே உதாரணமாகக் கொண்டது. மூன்று ஆய்விதழ்கள் மறுத்த பிறகு அச்சேறிய அந்தக் கட்டுரைதான் 2001இல் அவருக்கு நோபல் பரிசைப் பகிர்ந்தளிக்கக் காரணமானது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஓட்டை வண்டிக்கு ‘எலுமிச்சை’ என்று பெயர். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரு சராசரி விலையே கொடுக்க முன்வருவார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க விரும்பமாட்டார். மெல்ல மெல்லச் சந்தையில் எலுமிச்சைகளே மிஞ்சும். அகெர்லாஃபின் வாதத்தின் சாரம் இவ்வளவுதான். ஆட்டோமேடிக் கார்களில் இந்த அறியாமை இரட்டிப்பாகிறது. வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, அவர் துணைக்கு அழைத்துவரும் தெருமுனை மெக்கானிக்குக்கும் அந்தப் பெட்டிக்குள் இருப்பது பல சமயம் தெரிவதில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, புகையின் நிறத்தைப் பார்த்து, ‘வண்டி ஜம்முனு இருக்கு’ என்று சொல்லிவிடுகிறார். ஆபத்து எஞ்சினில் இல்லை.

எனவே முதலில் ‘ஆட்டோமேடிக்’ என்ற ஒற்றைச் சொல்லை உடைத்தாக வேண்டும். நம் சாலைகளில் அந்தப் பெயருக்குள் நான்கு வேறு இயந்திரங்கள் ஓடுகின்றன.

முதலாவது டார்க் கன்வர்ட்டர். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே உலோகத் தட்டுகளின் உரசலுக்குப் பதிலாகச் சுழலும் எண்ணெயே விசையைக் கடத்துகிறது. 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ‘ஹைட்ராமேடிக்’ என்ற பெயரில் பெருமளவில் விற்பனைக்கு வந்த முழு ஆட்டோமேடிக் பெட்டியும் எண்ணெயை இடையில் வைத்து விசை கடத்தியதுதான். பழைய குடும்பம், ஆகவே அதன் குணமும் குறையும் நன்கு அறியப்பட்டவை. எரிபொருள் சற்று அதிகம் குடிக்கும், கியர் மாற்றத்தில் அவசரம் காட்டாது. ஆனால் எண்ணெயைக் காலத்தில் மாற்றினால் நெரிசலைப் பொறுமையாகத் தாங்கும்.

இரண்டாவது சி.வி.டி. படிப்படியான கியர்களே இல்லாமல், அகலம் மாறும் இரு கப்பிகளுக்கு இடையே ஒரு பட்டை ஓடுகிறது. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் ரப்பர் பட்டையுடன் இதைக் காருக்குக் கொண்டுவந்தது. இன்று கார்களில் இருப்பது பெரும்பாலும் எஃகுப் பட்டை. இது நமக்கு அந்நியமானதல்ல. 1984இல் வந்த கைனடிக் ஹோண்டா முதல் இன்றைய ஆக்டிவா வரை கியரில்லா ஸ்கூட்டர்கள் எல்லாம் இதே தத்துவத்தில் ஓடுபவைதான். மிக மென்மையானது, சிக்கனமானது. ஆனால் அதற்கென்றே உள்ள திரவத்தைத் தவிர வேறெதையும் சகித்துக்கொள்ளாது. முந்தைய உரிமையாளர் ‘எல்லாம் ஒரே ஆயில்தானே’ என்று எண்ணியிருந்தால், அதற்கான விலையை அடுத்தவர் கொடுப்பார். அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சி.வி.டி.க்கான உத்தரவாதத்தை நிஸான் நிறுவனம் பத்தாண்டு வரை நீட்டிக்க நேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது இரட்டை கிளட்ச். ஒரு கிளட்ச் ஒற்றைப்படை கியர்களையும் மற்றொன்று இரட்டைப்படை கியர்களையும் கவனிக்கும். நெடுஞ்சாலையில் அற்புதமானது. எண்ணெயில் நனையாத ‘உலர்’ வகைக்கு, அடியடியாக ஊர்ந்து செல்லும் நெரிசலும் நம் வெயிலும் கடுஞ்சோதனை. 2013இல் சீனாவில் ஃபோக்ஸ்வாகன் இந்தப் பெட்டி தொடர்பாக மூன்று லட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகமான கார்களைத் திரும்ப அழைத்தது. இதே வகைப் பெட்டி தொடர்பான புகார்களை நடத்திய விதத்துக்காக ஃபோர்டின் ஆஸ்திரேலியக் கிளைக்கு அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018இல் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. புது வண்டியில் உத்தரவாதத்தோடு அனுபவிக்க வேண்டிய தொழில்நுட்பத்தைப் பத்தாம் ஆண்டில் சொந்தக் காசில் பராமரிப்பது யானையைக் கட்டித் தீனி போடும் காரியம்.

நான்காவது ஏ.எம்.டி. 2014இல் மாருதி செலேரியோ வழியாக இந்தியாவில் பரவலானது. உண்மையில் இது சாதாரண கியர்பெட்டிதான். நம் இடதுகாலும் இடதுகையும் செய்யும் வேலையை ஒரு சிறு இயந்திரக் கை செய்கிறது, அவ்வளவே. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் தலை லேசாக முன்னும் பின்னும் ஆடும். இந்த ஆட்டத்தைக் காரணம் காட்டி இதை மட்டமாகப் பேசுவோர் உண்டு. ஆனால் குறைந்த பணமுள்ளவருக்கு இதில் ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. தேய்வது பெரும்பாலும் கிளட்ச் பிளேட்தான், அது கையால் கியர் மாற்றும் வண்டியிலும் தேய்வதுதான். இயந்திரக் கை பழுதானால் மட்டுமே செலவு கனமாகும். கிளட்ச் மாற்றிய பின் கணினி வழியே அதை மறுபடி பழக்க வேண்டும் என்பதால், அந்த வசதியுள்ள பட்டறைக்கே போக வேண்டும்.

இந்த நான்கையும் பிரித்தறிந்துகொண்டால், பெயரைக் கேட்டு வண்டி வாங்குவது எவ்வளவு பேதைமை என்பது விளங்கும். ஒரே பெயருக்குள் ஆண்டுக்கு ஆண்டு வயிறு மாறியிருக்கிறது. 2008 இறுதியில் வந்த ஹோண்டா சிட்டியில் இருந்தது ஐந்து கியர் டார்க் கன்வர்ட்டர். அதற்கு முந்தைய சிட்டியிலும், 2014இல் வந்த அடுத்த சிட்டியிலும் இருந்தது சி.வி.டி. 2015இல் வந்த மாருதி பலேனோவில் சி.வி.டி., 2022இல் அதே பெயரில் வந்ததில் ஏ.எம்.டி. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டில் முதலில் இரட்டை கிளட்ச், 2017 இறுதியில் புதுப்பித்தபோது டார்க் கன்வர்ட்டர். ‘என் மைத்துனரிடம் இதே வண்டி இருக்கிறது, ஒரு தொந்தரவும் இல்லை’ என்று ஒருவர் சொன்னால், ‘எந்த ஆண்டு வண்டி?’ என்பதே நம் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நம் பரிந்துரை இதிலிருந்து தானாகவே பின்தொடர்கிறது. நாம் சொன்ன தொகைக்குள், முதல் தேர்வு எளிய சிறிய கார்களின் டார்க் கன்வர்ட்டர் வகை. இருங்காட்டுக்கோட்டையில் உருவான ஹூண்டாய் ஐ10, கிராண்ட் ஐ10 ஆகியவற்றின் நான்கு கியர் ஆட்டோமேடிக், ஹோண்டா பிரியோவின் ஐந்து கியர் ஆட்டோமேடிக் போன்றவை. மைலேஜ் குறைவு என்பது உண்மை. மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அந்த வேறுபாடு ஒரு கியர்பெட்டிப் பழுதின் முன்னால் சில்லறை. இரண்டாவது தேர்வு செலேரியோ, வேகன்-ஆர் முதலிய மாருதி வண்டிகளின் ஏ.எம்.டி. இவை வயதில் இளையவை, உதிரிபாகங்கள் சிற்றூர்களிலும் கிடைப்பவை. தினமும் அதிகம் ஓடுகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம். சி.வி.டி.யை, திரவம் மாற்றிய ரசீதுகள் கையில் இருந்தால் மட்டும் பரிசீலிக்கலாம். உலர் இரட்டை கிளட்சை இந்தத் தொகைக்கு வேண்டவே வேண்டாம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ‘இதே காசுக்கு ஜெர்மன் செடான் கிடைக்கிறதே’ என்ற ஆசைக்குப் பதில் ஒன்றுதான்: வண்டியின் விலை இறங்கிவிடுகிறது, அதன் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை.

இதை மறுப்பவர்கள் ஓடிய கிலோமீட்டரைக் காட்டுவார்கள். குறைவாக ஓடிய வண்டியே நல்ல வண்டி என்பது நம்மிடம் ஊறிய நம்பிக்கை. மீட்டரைத் திருப்புவது பழைய கலை என்பது ஒருபுறமிருக்க, உண்மையிலேயே குறைவாக ஓடிய வண்டியும் நல்ல வண்டியாக இருந்தாக வேண்டியதில்லை. பத்தாண்டில் இருபதாயிரம் கிலோமீட்டர் என்றால், கிலோமீட்டர் ஆகவில்லை என்ற காரணத்தால் கியர்பெட்டி எண்ணெய் ஒருமுறைகூட மாற்றப்படாமல் இருந்திருக்க வாய்ப்புண்டு. எண்ணெய் ஓட்டத்தால் மட்டுமல்ல, காலத்தாலும் கெடுகிறது. எண்பதாயிரம் ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் ரசீது வைத்திருக்கும் வண்டி, இருபதாயிரம் ஓடி ஒரு தாளும் இல்லாத வண்டியைவிட மேலானது. அந்த ரசீதுக் கட்டுதான் வண்டியின் சரிதம். எந்தச் சரிதத்தையும் போலவே, அதில் விடுபட்ட ஆண்டுகளைத்தான் கூர்ந்து வாசிக்க வேண்டும்.

அடுத்து, பல்லைப் பிடித்துப் பார்க்கும் வேலை. எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் வண்டியைப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுவது நல்லது. பிரேக்கை மிதித்தபடி ‘டி’க்கும் ‘ஆர்’க்கும் மாற்றிப் பார்க்கும்போது டார்க் கன்வர்ட்டர் வண்டி ஓரிரு நொடிக்குள் மெல்லப் பிடிக்க வேண்டும். நீண்ட தயக்கமும், பிறகு ‘தட்’ என்ற அடியும் கெட்ட அறிகுறிகள். அளவுகோல் உள்ள வண்டியில் எண்ணெயைத் தொட்டுப் பார்க்கலாம். கருத்துத் தீய்ந்த நெடி வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஓடும்போது எஞ்சின் உறுமல் கூடியும் வேகம் கூடாவிட்டால் உள்ளே வழுக்குகிறது என்று பொருள். ஏ.எம்.டி.யை ஒரு பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பிப் பார்க்க வேண்டும். நடுக்கமும் கருகல் வாசனையும் கிளட்ச் தேய்ந்ததைச் சொல்லிவிடும். அரைமணி நேர நெரிசலில் ஓட்டிய பின், வண்டி நன்கு சூடான நிலையில், இவை அனைத்தையும் மறுபடி ஒருமுறை பார்ப்பது அவசியம். பல கியர்பெட்டிகள் சூட்டில்தான் உண்மை பேசுகின்றன. கடைசியாக, அந்த நிறுவன வண்டிகளைப் பழக்கமுள்ள பட்டறையில் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கும் சிறு செலவைத் தவிர்க்கக் கூடாது. அதற்கு விற்பவர் மறுத்தால், அந்த மறுப்பே நமக்கான பதில்.

சென்னையில் வாங்குவோருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. ஆட்டோமேடிக் வண்டியில் கியர்பெட்டியை ஆள்வது மின்னணுப் பெட்டியும் கம்பிகளும். நீர் புகுந்த கம்பி முனைகள் ஆண்டுகள் கழித்துப் பச்சை பூத்து, காரணமே தெரியாத கோளாறுகளாக வெளிப்படக்கூடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து நீர்க்கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கையின் தண்டவாளத் துரு, தரைவிரிப்புக்கு அடியில் உள்ள மண் ஆகியவற்றைத் துடைத்து மறைப்பது கடினம். காப்பீட்டுக் கோரிக்கைகளின் வரலாற்றையும் கேட்டுப் பெறலாம்.

காகிதங்களிலும் வண்டியின் ஆயுள் எழுதப்பட்டிருக்கிறது. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கானது. அதன்பின் சோதனைக்குட்பட்டு ஐந்தாண்டு ஐந்தாண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2011 வண்டியை மலிவாக வாங்குகிறவர் இந்தச் செலவையும் அலைச்சலையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். கடன் இருந்த வண்டியென்றால், வங்கியின் சான்றும் படிவம் 35உம் வழியே ஆர்.சி.யில் அந்தப் பதிவு நீங்கியிருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பிற மாநில வண்டி மலிவாகத் தோன்றும். தடையின்மைச் சான்றும், இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரியும், மறுபதிவும் சேர்ந்தால் அந்த மலிவு கரைந்துவிடுவதுண்டு. ‘ஆர்.சி. பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்பவரிடம் வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாங்கலாகாது.

விலை பேசும் முன் புது வண்டியின் இன்றைய விலையை அறிந்துகொள்வதும் முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. பழைய வரியில் வாங்கியவர்கள் தாங்கள் கொடுத்த விலையை மனத்தில் வைத்தே இன்னமும் கேட்கிறார்கள். இரண்டு மூன்று வயதான வண்டிக்குச் சொல்லப்படும் விலை, புதிய ஏ.எம்.டி. காரின் விலையை நெருங்குமானால் அந்தப் பேரத்தில் பொருளில்லை. எவ்வளவு குறைத்துப் பேசினாலும், கையிலுள்ள தொகை முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடக் கூடாது. நான்கு லட்சம் உள்ளவர் மூன்றரை லட்சத்துக்குமேல் வண்டி தேட வேண்டாம் என்பது நம் யோசனை. வாங்கிய வாரமே கியர்பெட்டித் திரவம், எஞ்சின் ஆயில், பிரேக், பேட்டரி, தேவையெனில் டயர் என்று செலவிட்டு, மிச்சத்தை முதல் ஆண்டின் எதிர்பாராச் செலவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பழைய வண்டியின் உண்மையான விலை, முதல் ஆண்டின் முடிவில்தான் தெரியும்.

‘இவ்வளவு தொல்லைக்கு வாடகைக் கார் போதாதா?’ என்பது நியாயமான கேள்வி. பெருநகரவாசிகள் பலருக்குப் போதும். ஆனால் செயலியில் அழைத்தால் வண்டி வராத ஊர்களும், இரவு இரண்டு மணிக்கு மருத்துவமனை போக வேண்டிய வீடுகளும், ஓட்டுநரின் பொறுமையின்மைக்கு முன் சக்கர நாற்காலியை மடித்து வைக்கத் தடுமாறும் மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்த வண்டி ஆடம்பரம் அல்ல.

அகெர்லாஃபின் சந்தையில் எலுமிச்சைகள் மிஞ்சுவதற்குக் காரணம் மனிதர்கள் அனைவரும் பொய்யர்கள் என்பதல்ல. நேர்மையாளனின் பேச்சையும் பொய்யனின் பேச்சையும் வேறுபடுத்திக் காட்ட எதுவும் இல்லாமற்போவதே காரணம். ரசீதுகளைச் சேர்த்து வைக்கிற உரிமையாளர் அந்த வேறுபாட்டை உருவாக்குகிறார். அந்த ரசீதுகளுக்காகச் சற்றே அதிக விலை கொடுக்க முன்வருகிற வாங்குபவர், நேர்மைக்குச் சந்தையில் ஓர் இடம் பெற்றுத் தருகிறார். மலிவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு பேரம் பேசும்போது, நல்ல வண்டி வைத்திருப்பவரைச் சந்தையிலிருந்து விரட்டுவதில் நமக்கும் பங்கு உண்டு. வண்டியைக் குறைத்து வாங்குவதைக் காட்டிலும் அறிந்து வாங்குவதே சிக்கனம். பத்தாண்டு கழித்து அதை விற்கும்போது, அந்தக் கட்டுத் தாள்களை அடுத்தவர் கையில் கொடுப்பதும் அந்தச் சிக்கனத்தின் பகுதியே.